சாவியை உடைச்சது முருகனா, நானா?



போன கிருத்திகை அன்னைக்கு நடந்தது இது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்க சிங்காரவேலர் சந்நிதி, அப்புறம் பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயில். ஒரே சாயங்காலத்துல ரெண்டையும் பார்த்துடணும்னு பிளான். கார் எங்களோடது இல்ல, அடையாறு மாமாகிட்ட கேட்டு வாங்கினது.

சிங்காரவேலர் தரிசனம் நல்லபடியா முடிஞ்சது. தெற்கு மாட வீதி பக்கத்துச் சந்துல நிறுத்தியிருந்த வண்டிக்கு வந்து சாவியைப் போட்டேன். திரும்பல. பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். அங்க நடை சாத்திடுவாங்களோன்னு எனக்கு அவசரம். பல்லைக் கடிச்சுக்கிட்டு முழு பலத்தோட முறுக்கினேன். 'டக்'னு ஒரு சத்தம். பாதி சாவி கையில, பாதி இக்னிஷன் உள்ள.

"முருகா, ஏம்ப்பா இப்படிச் சோதிக்கிற?"ன்னாங்க அம்மா.

"எல்லாம் அவன் செயல்மா"ன்னேன். சொன்ன உடனே மனசு லேசாயிடுச்சு. அவ்வளவு சீக்கிரம் லேசானதுதான் என்னை இதை எழுத வைக்குது.

வேடிக்கை பார்த்த ஒருத்தர், "பசை தடவி ஒட்டி இழுங்க சார்"னார். நல்லவேளை, செய்யல. அப்புறம் வந்த சாவிக்கடை அண்ணன், "பசை உள்ள போயிருந்தா லாக்கையே மாத்தணும் தம்பி"ன்னார். முன் சக்கரத்தைக் குனிஞ்சு பார்த்தார். "சக்கரம் நடைபாதைக் கல்லுல முட்டி நிக்குது. அதான் ஸ்டியரிங் லாக் இறுகியிருக்கு. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிக்கிட்டே திருப்பியிருந்தா சின்னப் பிள்ளை கூட திருப்பியிருக்கும்."

நுனியில கொக்கி வெச்ச மெல்லிசான கம்பி ஒண்ணை உள்ள விட்டு, பொறுமையா அந்தத் துண்டை வெளியே எடுத்தார். செல்போன் வெளிச்சத்துல உடைஞ்ச இடத்தைக் காட்டினார். ஒரு பக்கம் அழுக்கேறிக் கறுப்பு. இன்னொரு பக்கம் பளபளப்பு. "கறுப்பு பழைய விரிசல் தம்பி. பளபளன்னு இருக்கிறது இப்ப உடைஞ்சது."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். மாமாவுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் மனசுலயே ரெடி: 'மாமா, சாவியில ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கு. இன்னைக்கு உடைஞ்சிடுச்சு.' இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல. ஆனா முறுக்கின கை எங்க? அது மட்டும் காணோம்!

அப்பதான் யோசிச்சேன். வேலை வாங்கினப்போ "எல்லாம் அவன் செயல்"னு நான் சொல்லல. "ராத்திரி பகலா படிச்சேன்"னுதான் சொன்னேன். ஜெயிச்சா நான், உடைச்சா முருகனா? 'நான்'ங்கிற கர்வம் குறையணும்னு பெரியவங்க கொடுத்த வார்த்தை அது. அதை நான் தப்பை மறைக்கிற சாக்கா ஆக்கிட்டேன்.

"எல்லாமே அவன் செயல்னா, நீ முறுக்கினதும் அவன் செயல்தானே?"ன்னு நீங்க கேட்கலாம். சரி. அப்போ அந்த அண்ணன் காட்டின வெளிச்சமும் அவன் செயல்தான். அதைப் பார்த்த பிறகும் நான் மறைச்சா, அதை யார் கணக்குல எழுதுறது? பழைய விரிசலுக்கு நான் பொறுப்பு இல்ல. பளபளன்னு இருந்த பாதி முழுக்க என்னோடது.

மெசேஜ் வேண்டாம்னு போனே பண்ணினேன். முதல்ல என் பங்கு, அப்புறம்தான் விரிசல். "மாமா, சாவி திரும்பலன்னு பலமா முறுக்கிட்டேன், உடைஞ்சிடுச்சு. பழைய விரிசலும் இருந்திருக்கு. புதுச் சாவிக்கு நான் பணம் தர்றேன்."

மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கையில இருக்கிற தலைப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுடாத. சிப் அதுலதான் இருக்கு. ஸ்பேர் சாவியை எடுத்துக்கிட்டு வர்றேன்"னார். குரல்ல கோபம் இருந்தது. இருக்கட்டும், நியாயமான கோபம்தானே.

அன்னைக்கு அறுபடை வீடு போக முடியல. ராத்திரி வீட்டு வேலுக்கு விபூதி வைக்கும்போது ஒண்ணு தோணுச்சு. வேலை நாம ஞானசக்தின்னுதான் கும்பிடுறோம். எனக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது அதுதான். நானோ கை பலத்தை நம்பினேன்.

அடுத்த தடவை "எல்லாம் அவன் செயல்"னு வாய் வரைக்கும் வந்தா, ஒரு நொடி நின்னு பாருங்க. பளபளன்னு இருக்கிற பாதி யாரோடது?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!