கரிசலில் ஒரு பச்சைச் சடங்கு

பூசையறை இல்லாத வீடு. நல்ல நேரம் பார்க்காமல் குடிபுகுந்தார்கள். வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டின் முன்புறத்தில் 2 சென்ட் பரப்பில் பச்சைப் பசேலென்று புல் விரித்திருக்கிறது. தினமும் காலையும் மாலையும் தண்ணீர், வாரம் ஒரு முறை கத்தரிப்பு, மாதம் ஒரு முறை உரம். இதனால் என்ன பயன் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் வராது. "வீடுன்னா முன்னாடி கொஞ்சம் பச்சை இருக்கணும்ல" என்பார். பயன் தெரியாமல், கேள்வி கேட்காமல், ஊரார் பார்க்க நாள் தவறாமல் செய்யும் காரியத்துக்குச் சடங்கு என்று பெயர். பூசாரி இல்லை என்பதற்காக அது சடங்கு இல்லை என்று ஆகிவிடாது.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் போகும் சாலையில் இந்தச் சடங்கு பரவத் தொடங்கியிருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைத்துச் சேர்த்த காசில் எழும்பும் வீடுகள் அவை. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் சண்டைக்கு நிற்பது அந்தப் புல்லோடும், அதைவிட முக்கியமாக அதன் மேல் ஒட்டப்படும் 'இயற்கை முறை' என்ற முத்திரையோடும்தான். "யூரியா கிடையாது, களைக்கொல்லி கிடையாது. மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யம் மட்டும்தான்." இதைச் சொல்லும்போது ஒரு நிம்மதி முகத்தில் வரும். பரிகாரம் செய்து முடித்தவர் முகத்தில் வருகிற அதே நிம்மதி.

விஷம் தெளிக்காதது நல்லதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் ஒன்றிய அரசே ஆணை போட்டது. குழந்தை தவழும் இடத்தில் அதை அடிக்காமல் இருப்பது குறைந்தபட்ச அறிவு. ஆனால் ஒரு காரியத்தை எதைக் கொண்டு செய்கிறோம் என்ற கேள்விக்கு முன்னால், அதை எதற்குச் செய்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. 'இயற்கை' என்ற சொல் இந்த இரண்டாவது கேள்வியை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கரிசல் கோடையில் வாய் பிளக்கும். முழங்கை வரை கையை விடலாம், அப்படி ஒரு வெடிப்பு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது செத்துப்போன நிலம். உண்மையில் அந்த மண் அப்போதுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது. மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. முதல் மழை அந்த வெடிப்பு வழியாக அடிமண் வரை இறங்குகிறது. களிமண் ஊதி, வெடிப்பு மூடி, ஈரம் உள்ளே சிறைப்படுகிறது. கீழே போன மண் மேலே தள்ளப்படுகிறது. ஏர் பூட்டாமலேயே தன்னைப் புரட்டிக்கொள்ளும் மண் இது. ஐப்பசி, கார்த்திகையில் சேர்த்த அந்த ஈரத்தை வைத்துத்தான் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் வத்தலும் தை, மாசி வரை தாக்குப்பிடித்து வீடு வந்து சேர்கின்றன. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்த ஒரு கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறது. கே 11 பருத்தியும் கே 12 சோளமும் அந்தக் கணக்கின் விடைகள்.

புல் விரிக்க வருகிறவர் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சார், இந்தக் கரிசல் ஆகாது. அரை அடி எடுத்துட்டுச் செம்மண் அடிச்சிரலாம்." அவர் தொழில்முறையில் சொல்வது சரி. மழையில் கரிசல் சேறாகிப் புல்லின் வேரை அழுகவைத்துவிடும், வெயிலில் வெடித்து வேரை அறுத்துவிடும். அதனால் எங்கோ ஒரு மேட்டை வெட்டிய செம்மண் லாரியில் வருகிறது. ஆற்று மணலோ எம் சாண்டோ கலக்கிறார்கள். அதன் மேல் எங்கோ ஒரு நர்சரியில் வளர்த்த கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ பாய் பாயாக வந்து இறங்குகிறது. ஊர் மண்ணை வெளியேற்றி, வேறு ஊர் மண்ணைக் கொண்டுவந்து, வேறு நாட்டுப் புல்லை நட்டுவிட்டு, கடைசியில் ஒரு கூடை மண்புழு உரம் போட்டவுடன் எல்லாம் இயற்கை ஆகிவிடுகிறது! கங்கையில் ஒரு முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

தண்ணீருக்கு வருவோம். வெயில் காலத்தில், இந்தப் பகுதியின் காற்றுக்கு, ஒரு சதுர மீட்டர் புல் பச்சையாக இருக்க நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கும். 2 சென்ட் என்பது சுமார் 80 சதுர மீட்டர். ஆக 400 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 27 குடம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு அரசு வைத்திருக்கும் அளவு நாளைக்கு 55 லிட்டர். ஏழு பேருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஒதுக்கியதை ஒரு வீட்டுப் புல் குடித்துவிடுகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கு 36,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரி. மண்புழு உரம் போட்ட புல்லுக்கும் யூரியா போட்ட புல்லுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கோவில்பட்டி நகரமே சீவலப்பேரியில் எடுக்கும் தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற வட்டாரம் இது.

"நான் ஊராட்சித் தண்ணி ஊத்தல. என் நிலம், என் போர், என் கரண்டு பில்லு" என்பார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், நிலத்தடியில் ஓடைபோல் ஓடாமல் ஊறிக் கிடக்கும் நீரை நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அது கமலை மாடு இறைத்த காலத்துச் சட்டம். இரண்டு மாடு நாள் முழுக்க நடந்து இறைத்தாலும் பக்கத்துக் கிணறு வற்றிவிடாத காலம். இன்றைக்கு ஐந்நூறு அடிக்குக் கீழே மோட்டாரை இறக்கி, விரலால் ஒரு பொத்தானை அழுத்துகிற கைக்கு அதே உரிமையைக் கொடுத்துவைத்திருக்கிறோம். தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அது நீக்கப்பட்டது. சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே நியாயம் என்று ஆகிவிடுமா? தீண்டாமையைச் சட்டம் தடுக்காத காலமும் இந்த நாட்டில் இருந்தது. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. உங்கள் மோட்டார் இழுப்பது பக்கத்துப் புஞ்சைக்காரர் கிணற்றின் ஈரத்தையும் சேர்த்துத்தான்.

உரத்துக்கும் இதே கேள்வி. செடியின் வேருக்குச் சாதி, மதம், இயற்கை, செயற்கை எதுவும் தெரியாது. புண்ணாக்கில் இருந்து வந்தாலும் மூட்டை யூரியாவில் இருந்து வந்தாலும் தழைச்சத்து நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ மாறிய பிறகுதான் வேர் அதைப் பெருமளவில் எடுக்கும். தொழு உரத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அது மண்ணில் கரிமத்தைச் சேர்க்கிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, நுண்ணுயிருக்குச் சோறு போடுகிறது. மானாவாரி நிலங்கள் பெரும்பாலானவற்றில் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே கிடக்கிறது. அதனால்தான் சம்சாரி காசு கொடுத்து ஆட்டுக்கிடை போடுகிறார், கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக அடிக்கிறார். இந்த வட்டாரத்தில் எரு என்பது தட்டுப்பாடான பண்டம். ஆடு மேய முடியாத புல்லுக்கு ஆட்டுப்புழுக்கை மூட்டை மூட்டையாகப் போவது, உளுந்துக் காட்டின் வாயில் இருந்து பறிப்பதுதான்.

பஞ்சகவ்யம் வேறு கதை. சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஐந்தையும் ஊறவைத்து, 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள். நொதித்த கரைசலில் நுண்ணுயிர் இருக்கும், கொஞ்சம் சத்தும் இருக்கும், பயிருக்குப் பலனும் இருக்கலாம். பசுவுக்குப் புனிதம் ஏற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் அறிவு வெளியேறுகிறது. நாட்டுப் பசுவின் சாணத்தில் மட்டும்தான் மகிமை, எருமைச் சாணம் மட்டம், சீமைப் பசுவின் சாணம் ஆகாது என்பதெல்லாம் மாட்டுக்குள்ளும் வருணம் பிரிக்கிற புத்தி. 2016-ல் பத்மஸ்ரீ பெற்ற சுபாஷ் பாலேக்கரின், நாட்டுப் பசுவை நம்பும் செலவில்லா வேளாண்மை, இன்னும் நிரூபிக்கப்படாத முறை என்று தேசிய வேளாண் அறிவியல் கழகத்தினர் 2019-ல் வெளிப்படையாகவே சொன்னார்கள். நிரூபிக்கட்டும், ஏற்றுக்கொள்வோம். அதுவரை பாலையும் தயிரையும் நெய்யையும் யாரும் தின்னாத புல்லின் மேல் தெளிப்பதை, கற்சிலைக்குக் குடம் குடமாகப் பாலூற்றுவதில் இருந்து நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மருந்து அடிக்காத புல்லுக்குக் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். அந்தக் கை யாருடையது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா குத்தவைத்து, களைக்கொத்தியின் முனையால் கோரைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். கோரை லேசில் வராது. மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கறுத்த கிழங்கு உள்ளேயே நின்றுகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் விரலை மண்ணுக்குள் விட வேண்டும். அவருடைய நகக்கண்ணெல்லாம் செம்மண். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட குவியலில் பாதி அருகம்புல்.

"எய்யா, இந்தச் சீமைப்புல்ல ஆடு திங்குமா?"

"தின்னும்த்தா. ஆனா விட மாட்டாங்க."

"பெறகு எதுக்குய்யா இம்புட்டுத் தண்ணி?"

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லென் 1899-லேயே கேட்டுவிட்டார். 'ஓய்வுடைய வர்க்கத்தின் கோட்பாடு' என்ற நூலில் அவர் காட்டுவது இதுதான்: புல்தரை என்பது மாடு மேயாத மேய்ச்சல் நிலம். மாட்டை விட்டால் புல்லும் ஒழுங்காக இருக்கும், பாலும் கிடைக்கும். ஆனால் மாடு நின்றால் இது பிழைப்புக்கான நிலம் என்று தெரிந்துபோகும். எனக்கு இந்த நிலத்தில் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று காட்டத்தான் புல்லை மாடில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகையில் தொடங்கிய இந்தப் பகட்டு, வெள்ளைக்காரனின் பங்களாவும் கிளப்பும் வழியாக இங்கே வந்து இறங்கியது. நம் வீட்டு முன்களம் எப்படி இருந்தது? சாணி மெழுகிய வெறுந்தரை. அதில் வத்தல் காயும், உளுந்து காயும், கம்பு குவியும், ராத்திரி கட்டில் போட்டுப் படுப்பார்கள். சும்மா கிடந்ததே இல்லை. அந்தத் தரையை அசிங்கம் என்று நினைக்க நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

புல்தரையின் தலைநகரான அமெரிக்காவில் 2005-ல் நாசா ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் போட்ட மதிப்பீட்டின்படி, புல்தரைகளின் பரப்பு சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். ஒரு தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலத்தில் யாரும் தின்னாத பயிர். அங்கேயே வறண்ட நெவாடா மாநிலம், லாஸ் வேகாஸ் பகுதியில் அழகுக்கு மட்டும் வைத்திருக்கும் பொது இட, வணிக இடப் புல்தரைகளை 2026-க்குப் பிறகு கொலராடோ ஆற்று நீரைக் கொண்டு வளர்க்கக் கூடாது என்று 2021-ல் சட்டம் போட்டது. சொந்த வீட்டுப் புல்லை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கற்றுக்கொடுத்தவர்களே கைவிடத் தொடங்கியதை நாம் கடன் வாங்கிப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

இயற்கை என்றவுடன் இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரின் படத்தைக் காட்டுவார்கள். அவர் 1963-ல் வேலைக்குச் சேர்ந்தது இதே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில்தான். பருத்தியிலும் சிறுதானியத்திலும் ரசாயன உரச் சோதனைகள் நடத்தியவர் அவர். வானம் பார்த்த பூமியில் கடன் வாங்கிப் பிழைக்கும் ஏழைச் சம்சாரிக்கு இந்தச் செலவுமிக்க ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்டு, 1969-ல் வெளியேறினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவன் இல்லை. ஆனால் அவர் கேட்டது ஏழையின் அடுப்பைப் பற்றிய கேள்வி. அவர் பெயரைச் சொல்லி முன்வாசல் அலங்காரத்துக்கு உரம் விற்பது அந்தக் கேள்விக்குச் செய்யும் அவமரியாதை.

"குளிர்ச்சியா இருக்கே" என்பார்கள். இருக்கும். அந்த 400 லிட்டரும் ஆவியாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போகிற குளிர்ச்சி அது. வாசலில் ஒரு வேம்பும் ஒரு புங்கையும் வைத்து, முதல் இரண்டு மூன்று கோடைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டுக் காப்பாற்றினால், பிறகு அவை கீழே இருக்கும் ஈரத்தைத் தாமே தேடிக்கொண்டு நிழலைத் தரும். தரையில் பச்சை வேண்டும் என்று தீராத ஆசை இருந்தால், அந்த அம்மா பிடுங்கிப் போட்ட அருகை விட்டுவையுங்கள். விளையாட்டு மைதானங்களுக்குப் பெர்முடா புல் என்று விலை கொடுத்து வாங்குவது இந்த இனத்தைத்தான். கரிசல் ஆழத்தில் தண்டை ஒளித்துவைத்துக்கொண்டு, கோடையில் காய்ந்து, முதல் மழைக்கே தலைகாட்டும். அது காய்ந்து கிடக்கும் மாதங்களில் ஆடு கட்டலாம், வத்தல் காயப்போடலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். உதிர்ந்த வேப்பிலையைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் போதும், ஒரு மூட்டை உரமும் வாங்க வேண்டியதில்லை.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தை ஒட்டித் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. பசுவந்தனையிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வைத்துப் பார்க்கலாம்: கோடை மூன்று மாதத்துக்கு அழகுப் புல்லுக்குப் போர் தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்று. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் புல் வைத்திருப்பவர்கள் எழுந்து நின்று, குடத்தோடு குழாயடியில் காத்திருக்கும் பெண்கள் முன்னால், இந்தப் புல் எதற்கு என்று தங்கள் வாயால் காரணம் சொல்ல வேண்டிவரும். அந்தக் காரணத்தைக் கேட்க நானும் வருகிறேன்.