சாய்ஸில் விட்டவை

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு நம் வீடுகளில் விபூதி பூசி ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புவார்கள். 'ஒரு கேள்வியையும் விட்டுடாதே. தெரியலைன்னாலும் ஏதாவது எழுதிட்டு வா. திருத்துறவர் போனாப் போகுதுன்னு ரெண்டு மார்க் போடுவார்.'

இதைக் கேட்டு வளர்ந்த அதே பிள்ளை, பி.காமோ பி.இ.யோ முடித்துவிட்டு, ஐ.ஐ.எம்.மில் சேர ஆசைப்பட்டு ஒரு கோச்சிங் சென்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் இதற்கு நேர்மாறானது. 'எதைப் போடணும்கிறது அப்புறம். எதை விடணும்னு முதல்ல கத்துக்கோ.'

பிள்ளை குழம்பித்தான் போகும். நீங்களும் நானும்கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்தான். கஷ்டமானதை விட்டுவிட்டு நகர்வது புத்திசாலித்தனமா, கோழைத்தனமா?

முதலில் அந்தப் பரீட்சையைப் பார்த்துவிடுவோம். காமன் அட்மிஷன் டெஸ்ட், சுருக்கமாக 'கேட்'. பெயர்ப் பொருத்தம் பிரமாதம். உள்ளே விடுவதைவிட வெளியே நிறுத்துவதுதான் அதன் பிரதான வேலை. 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். மொத்தம் 68 கேள்விகள், 2 மணி நேரம். மூன்று செக்‌ஷன். முதலில் இங்கிலீஷ், நடுவில் புள்ளிவிவரமும் தர்க்கமும், கடைசியில் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மார்க். நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால், கையில் இருப்பதிலிருந்து 1 மார்க் போகும். தொடாமல் விட்டுவிட்டால் பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

போனாப் போகுதென்று ரெண்டு மார்க் போட அங்கே ஆள் கிடையாது. திருத்துவது கம்ப்யூட்டர்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒரு நிமிடத்தில் முடிகிற சுலபமான கணக்குக்கும் 3 மார்க்தான். எட்டு நிமிடம் மண்டையைக் குடைகிற கணக்குக்கும் அதே 3 மார்க்தான். கஷ்டப்பட்டதற்காக அரை மார்க்கூட அதிகம் கிடையாது. எனவே கஷ்டமான கேள்வியோடு மல்லுக்கட்டுகிறவன் வீரன் இல்லை, கணக்குத் தெரியாதவன்! சமீப வருடங்களின் நிலவரப்படி பார்த்தால், 68-ல் 34 கேள்விகளைச் சரியாகப் போட்டுவிட்டு, மீதிப் பாதியைத் தொடாமலே எழுந்து வந்தவர்கூட 99 பெர்சென்டைலைத் தாண்டிவிடுவார். நம் பள்ளிக்கூட பாஷையில் அவர் வாங்கியது 50 மார்க். 'பக்கத்து வீட்டுப் பையன் 98 வாங்கியிருக்கான்' என்று வீட்டில் திட்டு வாங்க வேண்டிய மார்க்.

சென்டருக்கு வெளியே வெயிலில் காத்திருக்கும் அப்பா, 'பேப்பர் எப்படி இருந்தது?' என்று கேட்பார். 'ரொம்பக் கஷ்டம்ப்பா' என்று பதில் வரும். அவர் முகம் வாடும். வாட வேண்டியதே இல்லை. பெர்சென்டைல் என்பது நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைச் சொல்வதில்லை. எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பதைச் சொல்கிறது. கஷ்டம் என்றால் எல்லோருக்கும்தான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பார்த்ததும் என்ன செய்தீர்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அந்த நடு செக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-க்குப் பிறகு பலரைக் கவிழ்த்துவிட்ட செக்‌ஷன் அது. 2024-ல் 22 கேள்விகள், ஐந்து தொகுப்புகளாக வந்தன. ஒரு தொகுப்பில் பாதி காலியான ஒரு அட்டவணை, நாலைந்து துப்புகள். புதிர் அவிழ்ந்தால் நாலைந்து கேள்விகளுக்கும் மளமளவென்று விடை கிடைக்கும். அவிழாவிட்டால் அத்தனையும் போச்சு. 'முதல் அஞ்சு நிமிஷம் எதையும் போடாதே. எல்லாத்தையும் படி. எது உனக்கு ஒத்து வரும்னு பார்த்துட்டு இறங்கு' என்றுதான் அனுபவசாலிகள் சொல்வார்கள். வலியறிதலையும் காலமறிதலையும் 48, 49-வது அதிகாரங்களாக வள்ளுவர் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போனது கோச்சிங் சென்டர்களுக்கு ரொம்ப சௌகரியம்.

ஆனால் நடப்பது என்ன? ஒரு தொகுப்பில் இறங்கியாகிவிட்டது. பன்னிரண்டு நிமிடம் கழிந்துவிட்டது. அட்டவணை இன்னும் நிரம்பவில்லை. விட்டுவிட வேண்டியதுதானே? மனசு விடாது. 'இவ்வளவு நேரம் போட்டாச்சே!'

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வியாதி பழக்கம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'சங்க் காஸ்ட்' என்பார்கள். மூழ்கிப்போன செலவு. இனி என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராத பணம். அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது பாடம். படித்து பாஸும் பண்ணுவோம். அப்புறம் அரை அடி காம்பவுண்டு சுவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் கேஸ் போட்டு, பதினைந்து வருடம் கோர்ட்டுக்கு அலைவோம். சுவரின் மதிப்பைப் போல நாலு மடங்கு வக்கீலுக்குப் போயிருக்கும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு சார், இனிமே விட முடியுமா?'

வங்கிகளே வாராக்கடனைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வருடத்துக்குப் போகின்றன. நமக்குத்தான் மனசு வருவதில்லை. ஆகவே விடத் தெரிவது ஒரு நல்ல குணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லாவற்றிலும் ஜெயித்தே ஆகவேண்டும் என்கிற ஆணவம் இல்லாதவனால்தான் ஒன்றை விட முடியும்.

கதை இங்கேயே முடிந்தால் நிம்மதி. ஆனால் அதே பரீட்சையில் இன்னொரு விதி இருக்கிறது.

2014-ல் மொத்தம் 170 நிமிடங்களை உங்கள் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். கணக்கு பிடித்திருந்தால் அங்கேயே அதிக நேரம் தங்கலாம். 2015 முதல் அது கிடையாது. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனி நேரம். நேரம் முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது. முடிந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. இதுபோக, ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பெர்சென்டைலை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று தனியாக ஒரு கோடு கிழித்திருக்கின்றன. பொதுப் பிரிவு மாணவர் ஒருவர் கணக்கில் 99.9 வாங்கி, நடு செக்‌ஷனில் 50-க்குச் சரிந்துவிட்டால், பெரிய ஐ.ஐ.எம்.கள் கூப்பிடாது.

அதாவது, கேள்வியை விடலாம். செக்‌ஷனை விட முடியாது.

நாம் வாழ்க்கையில் செய்வது இதற்குச் சரியான தலைகீழ் என்று தோன்றவில்லையா? ஒற்றைக் கேள்விகளை விடவே மாட்டோம். யார் முதலில் போன் பண்ணுவது, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், ஆட்டோக்காரர் கேட்ட அதிகப்படி இருபது ரூபாய். எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்காமல் ஓயமாட்டோம். ஆனால், முழு செக்‌ஷன்களைச் சத்தமில்லாமல் சாய்ஸில் விட்டுவிடுவோம். உடம்பு என்று ஒரு செக்‌ஷன். வயதான அம்மா அப்பா என்று ஒன்று. பத்தாவது படிக்கும் பெண் இப்போதெல்லாம் ஏன் பேசுவதில்லை என்று ஒன்று.

கேட்டால், 'எல்லாம் உங்களுக்காகத்தானே சம்பாதிக்கிறேன்' என்று பதில். ஆபீஸில் வாங்கிய 99.9-ஐ வைத்து வீட்டில் வாங்கிய 20-ஐ ஈடுகட்டப் பார்க்கிறார். வருமான வரிச் சட்டமே இதை அனுமதிப்பதில்லை. வீடு நிலம் விற்றதில் வந்த மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக் காட்ட முடியாது. தலைப்பு வேறு, கணக்கு வேறு. வரி அதிகாரிக்குப் புரிகிற இந்த நியாயம் நமக்குப் புரிய அறுபது வயதாகிறது.

'அப்படியானால் எல்லோரும் எல்லாவற்றிலும் சுமாராக இருக்க வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதைச் சாய்ஸில் விட முடியாது.

கும்பகோணத்தில் ஒரு மாணவர் இருந்தார். கணக்கு ஒன்றைத் தவிர மற்றதில் மனம் போகவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த ஸ்காலர்ஷிப் பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார். மற்றப் பாடங்கள் காலை வாரின, தேறவில்லை. செக்‌ஷன் கட்-ஆஃபில் அடிபட்ட அந்த மாணவர் சீனிவாச ராமானுஜன். 1913-ல் அவர் எழுதிய கடிதத்தைப் படித்த கேம்பிரிட்ஜின் ஹார்டி, மற்றப் பாடங்களில் எவ்வளவு என்று கேட்கவில்லை. நல்லவேளை!

ஆக, பாடங்களை விடுவதில் தப்பில்லை. ராமானுஜன் விட்டது பாடங்களைத்தான். அவர் விட்டதால் நஷ்டம் வந்ததும் அவருக்குத்தான். நான் சொல்லும் செக்‌ஷன்களில் பாடம் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். பாடத்தை விடலாம். ஆளை விட முடியாது.

பரீட்சைக்கும் மற்றதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பரீட்சையில் நீங்கள் விட்ட கேள்வி இரண்டு மணி நேரத்தில் செத்துவிடும். யாருக்கும் சேதாரம் இல்லை. வெளியில் நீங்கள் விட்ட கேள்வி சாகாது. எழுந்து போய் இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் சாய்ஸில் விட்ட அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு தம்பியின் மேஜைக்குப் போகும். அதிகாரி விட்ட ஃபைல், பென்ஷனுக்காக அலைகிற ஒரு பெரியவரின் கால்களுக்குப் போகும்.

இந்தப் பரீட்சையில் தேறுகிறவர்கள் நாளைக்கு மேனேஜர்கள் ஆகப்போகிறவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு. அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்கலம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். கடும் குளிர். ராக்கெட் தயாரித்த கம்பெனியின் இன்ஜினீயர்கள், இந்தக் குளிரில் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யுமா என்பது சந்தேகம், தள்ளி வையுங்கள் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். விடை தெரியாத கஷ்டமான கேள்வி. நேரமோ இல்லை. கடைசியில் அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர், இன்ஜினீயரிங் பிரிவுத் தலைவரைப் பார்த்து, இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி சொன்னார். மாட்டிக்கொண்டார். கேள்வி சாய்ஸில் விடப்பட்டது. மறுநாள் காலை, கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். கஷ்டமான கேள்வியை ஒதுக்கிவிட்டு நேரத்துக்கு வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள். அந்தத் திறமைக்குத்தான் நாம் 40 நிமிடத்துக்கு ஒருமுறை மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகப் பரீட்சையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. லட்சக்கணக்கானவர்களிலிருந்து சில ஆயிரம் பேரை எடுக்க ஏதாவது ஒரு வழி வேண்டும். விடத் தெரிவதும் ஒரு திறமைதான். நான் சொல்வதெல்லாம், ஹாலுக்குள் நுழையும்போது மாட்டிக்கொண்ட அந்தப் பழக்கத்தை வெளியே வரும்போது கழற்றிவிட வேண்டும் என்பதுதான்.

அதற்கு ஒரு சின்ன சோதனை போதும். எதையாவது விட்டுவிடலாம் என்று தோன்றும்போது, 'எனக்கு இதில் எத்தனை மார்க்?' என்று கேட்பதற்கு முன்னால், 'நான் விட்டால் இது யார் தலையில் விழும்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யார் தலையிலும் இல்லை என்றால் தாராளமாக விடுங்கள். காம்பவுண்டு சுவர், கல்யாணப் பத்திரிகை, இருபது ரூபாய் எல்லாம் இந்த வகை. யாரோ ஒருவர் தலையில் விழும் என்றால், அது எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், விடை தெரியாவிட்டாலும், உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அங்கே நம் வீட்டுப் பெரியவர்களின் புத்திமதிதான் சரி. 'தெரியலைன்னாலும் ஏதாவது எழுதிட்டு வா.' வாய்மூடி இருக்கும் மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பக்கத்தில் போய் உட்காரலாம். அதற்கு ரெண்டு மார்க் நிச்சயம் உண்டு.

வருகிற நவம்பரில் உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பரீட்சைக்குப் போவதாக இருந்தால், 'முடியாததை விட்டுட்டு தைரியமா வா' என்று சொல்லி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை படித்து முடித்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை வாசல்வரை வந்து, எதையெல்லாம் விடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அதைச் சொல்லித் தரும் கோச்சிங் சென்டர் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. நாம்தான் சொல்ல வேண்டும்.