மஞ்சள் நீரில் முக்கிய வேட்டியும் ஆறே முக்கால் அங்குலத் திரையும்

1928 ஜனவரியில் கோட்டயம் நாகம்படம் சிவன் கோயிலில் ஓய்விலிருந்த ஸ்ரீநாராயண குருவிடம் ஒரு கோரிக்கை வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வட கோடியில், வர்க்கலையை அடுத்த சிவகிரிக்கு ஆண்டுதோறும் மக்கள் யாத்திரை போக அவர் இசைவு தர வேண்டும். குரு இசைந்தார். பத்து நாள் விரதம், புத்தர் சொன்ன ஐந்து தூய்மைகள், ஐரோப்பியப் புத்தாண்டு நாளில் சிவகிரியில் இருப்பது என்று ஒவ்வொன்றாக வரையறுத்தார். உடை மஞ்சள் என்று சொன்னவர், பட்டு வாங்கப் போய்விடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். புதுத் துணியே வேண்டாம். உடுத்துகிற வெள்ளை வேட்டியை மஞ்சள் நீரில் முக்கி எடுத்தால் போதும். அங்கேயும் அவர் நிற்கவில்லை. ஊரெல்லாம் மஞ்சள் உடுத்திச் சிவகிரிக்குப் போய், குளித்து, சாப்பிட்டுத் திரும்பினால் அதில் என்ன சாதித்ததாகும் என்று கேட்டு, கல்வி, தூய்மை, பக்தி, அமைப்பு, உழவு, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என எட்டு நோக்கங்களை அவரே வகுத்துக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். முதல் யாத்திரை 1932 டிசம்பரில் கிளம்பியது.

அந்த உரையாடலில் சிக்கனம் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு நல்ல குடும்பத் தலைவரின் அறிவுரையாக முடிந்திருக்கும். ஆனால் குரு காசை மிச்சம் பிடிக்கச் சொன்ன அதே வேளையில் வணிகத்தையும் தொழில்நுட்பத்தையும் யாத்திரையின் பயனாக வைக்கிறார். பொருளை வெறுத்தவர் பேசுகிற பேச்சாக இது இல்லை. இங்கிருந்து ஒரு பழைய கேள்வி புதிதாக எழுகிறது. ஆசையை அடக்கச் சொல்லும் சமயங்கள் பொருளின் அளவைப் பார்க்கின்றனவா, அந்தப் பொருள் நம்மிடம் இருப்பதற்கான காரணத்தைப் பார்க்கின்றனவா? இன்று இந்தக் கேள்வி சாதாரண மனிதரிடம் அடிக்கடி வந்து நிற்கும் இடம் கைப்பேசிக் கடை. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியிலும் எம்.ஜி. ரோட்டிலும் தினமும் கேட்கப்படுவது, பெரிய டிஸ்ப்ளே வேண்டுமா, பேட்டரி பேக்கப் வேண்டுமா என்பது. அற்ப விஷயம்தான். ஆனாலும் சமய மரபுகள் இத்தகைய அற்ப விஷயங்களில்தான் தங்கள் உண்மையான கருத்தைக் காட்டியிருக்கின்றன என்பதே இங்கு என் வாதம்.

குரு புத்தரைக் குறிப்பிட்டதால் பௌத்தத் துறவியிடமிருந்தே தொடங்கலாம். பிக்குவுக்கு இருந்த முக்கியமான கருவி பிட்சைப் பாத்திரம். எல்லாவற்றையும் விட்டவருக்குப் பாத்திரம் எந்த அளவாயிருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். பிக்குகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் வினய நூல்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று அளவுகளை அவை ஏற்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு சோறு கொள்ளும் என்றுகூடச் சொல்கின்றன. பெரிய பாத்திரம் வைத்திருப்பவர் பேராசைக்காரர் என்ற தீர்ப்பு அங்கே இல்லை. கறார் வேறிடத்தில் இருக்கிறது. கூடுதலாக ஒரு பாத்திரம் கிடைத்தால் பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இருக்கிற பாத்திரத்தில் ஐந்து ஒட்டு விழுவதற்கு முன் புதியது ஒன்றைக் கேட்டுப் பெற்றால் குற்றம். அந்தக் குற்றத்துக்கான பரிகாரம் ரசிக்கத்தக்கது. புதுப் பாத்திரத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவரும் அதைவிடத் தம்முடையது மட்டமாக இருந்தால் மாற்றிக்கொள்வார்கள். வரிசையின் முடிவில் மிஞ்சுகிற பாத்திரம் குற்றம் செய்தவருக்கு வரும், அது உடையும் வரை அவர் அதையே வைத்திருக்க வேண்டும். விதி எழுதியவர்களுக்கு மனித மனமும் தெரிந்திருக்கிறது, நகைச்சுவையும் இருந்திருக்கிறது. அளவில் இடம் கொடுத்து, மாற்றுவதற்கான காரணத்தில் பிடியை இறுக்கியிருக்கிறார்கள்.

சமணம் இதைவிடக் கடுமையானது என்பார்கள். துறவிக்குக் கடுமைதான். இல்லறத்தாருக்கு அது வைத்த நோன்போ வேறு விதம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பழைய திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் செழித்திருந்த சமணத் தலத்தின் புடைப்புச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். அந்த மரபில் இல்லறத்தார் நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றுக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதை நூல் சொல்வதில்லை. அவரவர் நிலைக்கு ஏற்ப அவரவரே சொல்லிக்கொள்வது. நிபந்தனை ஒன்றுதான்: பொருள் கண்ணில் பட்டு ஆசை எழுவதற்கு முன்பே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கடைக்குள் நுழைந்த பிறகு தேவையைக் கண்டுபிடிக்கிற நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். திரையா, பேட்டரியா என்ற கேள்வியே சற்றுப் போலியானது. ஆப்பிள் 2020இல் ஒரே வரிசையில் விட்ட இரண்டு கைப்பேசிகளைப் பாருங்கள். ஐபோன் 12 மினிக்கு 5.4 அங்குலத் திரை, 2,227 எம்.ஏ.எச். பேட்டரி. 12 புரோ மேக்ஸுக்கு 6.7 அங்குலம், 3,687 எம்.ஏ.எச். திரையின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடும்போது பேட்டரி அதற்கும் சற்று அதிகமாகவே கூடியிருக்கிறது. பெரிய உடம்பில் இரண்டுக்குமே இடம் உண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டிய நெருக்கடி பெரும்பாலும் இல்லை. சிறிய கைப்பேசியே அருகிவருகிறது. ஆப்பிளின் மினி 2021இல் வந்த 13 மினியோடு நின்றுபோனது. இந்தியக் கடைகளில் 5,000 எம்.ஏ.எச். சாதாரணமாகி, சிலிக்கான் கார்பன் பேட்டரிகளின் வரவால் 6,000, 7,000 என்று எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அங்குலமும் எம்.ஏ.எச்.சும் ஒன்றையொன்று அளக்கக்கூடியவையும் அல்ல; முழக்கோலால் நெல்லை அளப்பது போன்ற வேலை அது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நம்மை யோசிக்க வைக்கும்போது, நாம் உண்மையில் கொடுக்கிற மூன்று விலைகள் பட்டியலில் இல்லாமலே போய்விடுகின்றன: பணம், கைப்பேசியின் ஆயுள், நம் பார்வையின் நேரம். பேட்டரி நீடிப்பதும் திரை அகலமாவதும் ஒரே திசையில்தான் இழுக்கின்றன, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பதை நோக்கி.

அப்படியானால் பெரிய திரை ஆசை, சிறிய திரை அடக்கம் என்று முடித்துவிடலாமா? வினயம் செய்யாத தவறை நாமும் செய்ய வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே வெஞ்ஞாறமூட்டை அடுத்த புல்லம்பாறை, 2022இல் கேரளத்தின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. கைப்பேசியைத் தொட்டே பழகாத முதியவர்களை உட்கார வைத்து, அரசுச் சேவைகளையும் பணம் அனுப்புவதையும் சொல்லிக்கொடுத்த வேலை அது. வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்கு ஐந்து அங்குலத் திரையில் மலையாள எழுத்தின் வளைவுகள் பிடிபடாது. அவருக்குப் பெரிய திரை மூக்குக் கண்ணாடிக்குச் சமம். அதேபோல் பேட்டரியின் அருமையை 2018 ஆகஸ்ட் வெள்ளம் காட்டியது. மின்சாரம் நின்றுபோன இடங்களிலிருந்து மக்கள் தாங்கள் சிக்கியிருக்கும் இடத்தைக் கைப்பேசியில் அனுப்பினார்கள். பூந்துறை, விழிஞம் கரைகளிலிருந்து லாரியில் படகேற்றிப் போன மீனவர்கள் அந்தத் தகவல்களை வைத்துத் தேடினார்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியால் அங்கே ஒரு பயனும் இல்லை. வெயிலில் வண்டி ஓட்டி உணவு கொண்டு சேர்ப்பவர் நிலையும் இதுதான். நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகைதான் வடக்கே இருக்கிற திருவனந்தபுரத்தின் நண்பகல் வெளிச்சத்தில் திரையை முழுப் பிரகாசத்தில் வைக்காமல் வழி தெரியாது, அந்தப் பிரகாசம்தான் பேட்டரியை வேகமாகத் தின்னும். சூடு அதன் ஆயுளையும் குறைக்கும். இவர்களெல்லாம் நோக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள். இவர்களுக்குத் தேர்வு சில நிமிட வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நோக்கத்தை நான்தான் வகுக்கிறேன் என்பது மாயை. தேவைகளை உண்டாக்குவது சமூகமும் அரசும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியபோது, அதுவரை விளையாட்டுப் பொருளாக இருந்த திரை ஒரே காலையில் பாடப்புத்தகத்தின் இடத்துக்கு வந்தது. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக ஊர்தோறும் நூலகங்களிலும் படிப்பகங்களிலும் தொலைக்காட்சி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தை அணுகும் உரிமையைக் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்த்துப் பேசியிருந்தது. ஆக, தேவை வெளியிலிருந்து வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் என் வாதம் விழுந்துவிடவில்லை. பிக்குவின் பசியும் அவர் வகுத்ததில்லை. வெளியிலிருந்து வரும் தேவைக்குப் பெயர் உண்டு, எல்லையும் உண்டு: வகுப்பு இத்தனை மணி நேரம், வங்கிச் செயலி ஒன்று, மருத்துவமனைச் சீட்டு ஒன்று. பெயர் சொல்ல முடிகிற தேவைக்கு எந்தத் திரை, எந்தப் பேட்டரி போதும் என்பதையும் சொல்லிவிடலாம். பெயர் சொல்ல முடியாதபடி கூடவே ஒட்டிக்கொண்டு வருவதைத்தான் மரபுகள் ஆசை என்றன.

நாளைக்கு என்ன தேவைப்படும் என்று தெரியாதபோது பெரியதாகவே வாங்கி வைப்பது விவேகம்தானே என்பது இன்னொரு வாதம். பயத்துக்கும் முன்யோசனைக்கும் வித்தியாசம் உண்டு. வெள்ளம் வந்து போன ஊரில் பேட்டரிக்குக் கூடுதல் பணம் தருவது முன்யோசனை. இன்னதென்று தெரியாத ஒரு நாளைக்காக ஐம்பதாயிரம் ரூபாய் தவணைக் கடனை ஏற்றிக்கொள்வது அந்த வகையில் சேராது. பயன் அளவோடு கூடிக்கொண்டே போகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு கேரளத்து மீனவர்களைப் பற்றியது. 1997க்கும் 2001க்கும் இடையே வட கேரளக் கரைகளில் கைப்பேசி வந்த பிறகு, எந்தக் கரையில் மத்திக்கு விலை இருக்கிறது என்று கடலிலிருந்தே கேட்டுத் தெரிந்து படகைத் திருப்பினார்கள்; மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காத மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது. அந்தக் கைப்பேசிகளின் திரையில் இரண்டு மூன்று வரி எழுத்துதான் தெரிந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி அவர்களிடம் தெளிவாக இருந்தது.

இல்லாதவர்களிடம் போய் ஆசை வேண்டாம் என்று உபதேசிப்பது ஆணவம் என்றும் சிலர் சொல்வார்கள். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். கோயில் வாசலுக்கே வர முடியாதிருந்த மக்களுக்காக 1888இல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்த குரு, அவர்களிடம் வறுமையை நோன்பாகக் கொள்ளச் சொல்லவில்லை. மஞ்சள் பட்டு கூடாது என்றதும் தொழில் கற்க வேண்டும் என்றதும் ஒரே வாயிலிருந்து வந்தவை. செல்வத்தை மறுப்பது மட்டுமே சமயம் என்றிருந்தால் திருவனந்தபுரத்தின் நடுவில் பத்மநாபசுவாமி கோயில் பெரும் சங்கடமாகியிருக்கும். 2011இல் அதன் நிலவறைகளைத் திறந்தபோது வெளிப்பட்ட பொன்னைப் பற்றி உலகமே பேசியது. அவற்றில் ‘பி’ என்று குறிக்கப்பட்ட அறை இன்னும் திறக்கப்படவில்லை. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்து, அவனுடைய தாசனாக ஆண்டதாகச் சொல்லிக்கொண்டார். அதில் அரசியல் கணக்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் எவ்வளவு பொருள் என்பதைவிட அது யார் பொருட்டு என்று கேட்கும் பழக்கம் இந்த மண்ணில் அரசருக்குமே தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான், தரிசன நேரத்துக்கு. வெளியே வந்து கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு இருக்கிற மிச்ச நாளுக்கு அந்தத் தடை பதில் சொல்லாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், 800 முறை சார்ஜ் ஏற்றிய பின்னும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதமாவது வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. வினயத்தின் ஐந்து ஒட்டு விதியை ஒரு சந்தை தன் மொழியில் எழுதியதாகவே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அந்த விதி நமக்கு இல்லை, நாமே வகுத்துக்கொள்ளலாம். புதுக் கைப்பேசி வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன், இன்னின்ன வேலைக்கு இது வேண்டும், இவ்வளவு பணம்தான் தருவேன் என்று ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள். வெள்ளெழுத்துக்காரர் பெரிய திரையை வெட்கப்படாமல் வாங்கட்டும், நாளெல்லாம் வெயிலில் அலைபவர் பெரிய பேட்டரியை வாங்கட்டும். எழுத ஒன்றும் இல்லை என்றால், இப்போதிருக்கும் கைப்பேசியின் பேட்டரியை மட்டும் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். புதியதன் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.