இரத்தம் சொல்லும் எண்

இருதய நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து, அவர் நிலை இனி எப்படியிருக்கும் என்று வைத்தியர்கள் இன்று ஓரளவு கணிக்கிறார்கள். 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையில் பி.என்.பி. என்னும் பொருளைக் கண்டார்கள். அது பெரும்பாலும் இருதயத்தில்தான் சுரக்கிறதென்று பின்னர் தெரிந்தது. சுமை தாங்காமல் இருதயத்தின் சுவர் விரியும்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறும். அளவு ஏற ஏற ஆபத்தும் கூடும்.

உங்கள் தகப்பனாரின் சோதனைச் சீட்டில் அந்த எண் உயர்ந்திருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். "தெரிந்தால் மனம் ஒடிந்துபோவார்" என்று அதை ஒளித்து வைப்பது முறையா? அன்பினால்தான் ஒளிக்கிறோம். ஆனால் அந்த எண் பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒருவருடைய சாவுக்கு நாள் குறித்த ஓலையன்று. முதுமையிலும், சிறுநீரகம் பழுதுபட்டாலும் அது உயரும். மருந்தினால் இறங்குவதும் உண்டு.

ஆகையால் அவர் கேட்டால் மறைக்காதீர்கள். கேட்க விரும்பாவிட்டால் வற்புறுத்தவும் வேண்டாம். உயிர் அவருடையது. கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கவும், பிணங்கிய தம்பியோடு சமாதானமாகவும் அவருக்குக் காலம் வேண்டும். நம் பொய் அந்தக் காலத்தைத் திருடிவிடும். மெய்யைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.