உறைவிடமும் உழைப்பிடமும்

மனிதன் உழைக்கும் இடமும் அவன் உறங்கும் இடமும் ஒன்றாயிருத்தல் வேண்டுமா? வெவ்வேறாயின், அவன் கடமைப்பட்டிருப்பது எவ்விடத்துக்கு? ஊதியம் கொடுக்கும் நகரத்துக்கா, காற்றும் நீரும் கொடுக்கும் ஊருக்கா? இவ்வினா முன்னாளில் ஒரு சிலருக்கே எழுந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, அலுவலகங்கள் வீட்டுக்குள் புகுந்த பின்னரோ, அது பலருடைய வினாவாகிவிட்டது. கேமரன் மலையிலே குளிர்ந்த வீடொன்றில் அமர்ந்து, கோலாலம்பூரிலுள்ள கம்பெனிக்குக் கணினி வழியாகக் கணக்கெழுதுவது இன்று அதிசயமன்று. வாரத்தில் சில நாள் மலையிறங்கி வேலைக்குச் சென்று, மீண்டும் மலையேறி வருவதும் அவ்வாறே. இவ்வாழ்க்கை நன்றோ தீதோ என்பதை உணர்ச்சிவயப்படாமல் ஆராய்தல் நம் கடமையாகும்.

முதலாவதாக, இது புதுமையென்று எண்ணுவது பிழை. மலையிலிருந்துகொண்டு சமவெளியின் வேலையைப் பார்த்தவர்களில் முதன்மையானோர் ஆளவந்தவர்களே. 1864ஆம் ஆண்டு முதல் சிம்லா மலை இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. கல்கத்தாவினின்றும் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவிலே, பனிக்காற்றில் அமர்ந்துகொண்டு, வெயிலில் வாடிய கோடிக்கணக்கான மக்களைத் தபாலாலும் தந்தியாலும் ஆண்டனர். சென்னை அரசாங்கமும் கோடை வந்ததும் உதகமண்டலத்துக்கு ஏறிற்று. கல்கா என்னுமிடத்திலிருந்து சிம்லாவுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது 1903இல். அதற்கு முன்னரும் கோப்புகள் மலையேறாமல் நிற்கவில்லை. மனிதர் தோளிலும் மாட்டின் முதுகிலும் ஏறின.

நம் நாட்டின் கதையும் இதற்கு வேறானதன்று. பினாங்குக் கொடிமலையில் 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்குமுன், மேலே வசித்த சீமான்களை டோலியில் வைத்துச் சுமந்து சென்றோர் ஏழை மனிதரே. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் கண்டு குறித்த உயர்நிலத்துக்குத் தாப்பாவிலிருந்து சாலை எட்டியது 1931இல்தான். இதற்கிடையில், 1929இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. காடு திருத்தித் தேயிலை நட்ட கரங்களில் தமிழர் கரங்கள் பல. மலையின் குளிர்ச்சி ஒருவனுக்கு ஓய்வாகவும், மற்றொருவனுக்கு நடுங்கும் விடியலாகவும் இருந்தது. ஆகவே, மலைவாசம் என்ற சொல்லைக் கேட்டவுடன், "யாருடைய தோள்மேல்?" என்று கேட்பது நமக்குப் பழக்கமாதல் வேண்டும்.

அங்ஙனமாயின், மலையிலிருந்து தொலைவேலை செய்வோன் அந்தப் பழைய சீமானின் வாரிசுதானா? அவ்வாறு தீர்ப்புச் சொல்லுமுன், மறுபுறத்தையும் பார்த்தல் முறை. தோட்டத்து லயத்தில் பிறந்து கல்வி கற்ற இளைஞனை நினைத்துப் பாருங்கள். நம் சமூகத்தில் முன்னேற்றம் என்பதற்கு இதுகாறும் பொருள், பிறந்த இடத்தை விட்டுப் போதல் என்பதேயாம். பாட்டன் கடலைக் கடந்தான். பேரன் மலையைக் கடந்து பட்டணம் போனான். படித்தவர் போகப் போக, தோட்டத்தில் எஞ்சியோர் முதியவரும் வழியற்றவருமாயினர். மகன் அனுப்பும் பணம் மாதந்தோறும் வரும்; மகன் தீபாவளிக்கு வருவான். அந்த இளைஞன் இன்று பெற்றோரின் பக்கத்திலிருந்தே நகரத்து ஊதியத்தைப் பெறக்கூடுமாயின், அது சிறிய இலாபமா? மாலையில் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவன் ஊரில் இருக்கிறான் என்பது சிறிய இலாபமா? ஒரே கருவி ஒருவனுக்கு உல்லாசம், மற்றொருவனுக்கு விடுதலை. கருவியைப் பழிப்பதிற் பயனில்லை.

சட்டமும் இத்திசையில் ஓரடி எடுத்து வைத்துள்ளது. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, தொழிலாளி தன் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும். மறுத்தால் காரணமும் கூறல் வேண்டும். சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் முதல் இத்தகைய வேண்டுகோளுக்கு இரண்டு மாதத்துக்குள் விடை கூறுமாறு வழிகாட்டு நெறி வகுக்கப்பட்டுள்ளது. இவை கேட்கும் உரிமையேயன்றிப் பெறும் உரிமையல்ல. எனினும், கேட்பதே குற்றம் என்றிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இங்கே ஆழமான நியாயம் ஒன்று மறைந்து கிடக்கிறது. தொலைவேலையின் அடிப்படை நம்பிக்கை. "நீ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உன் வேலை நடக்கும்" என்று முதலாளி ஒப்புக்கொள்ளுகிறான். தோட்ட வாழ்க்கையின் அடிப்படையோ அவநம்பிக்கை. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். கங்காணியின் கண் முதுகைத் தொடர வேண்டும். அதன் பின்னரே அது வேலை எனப்பட்டது. கணினி முன்னிருப்பவனுக்கு அந்தப் பெரட்டு நீங்கிற்று. சில கம்பெனிகள் அவன் விரலசைவையும் எண்ணும் உளவுக் கருவியை வைத்து, கங்காணியைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் உண்டு. அப்பொழுது அவன் கொதித்து எழுகின்றான். "என்னை மனிதனாக நம்புங்கள்" என்கின்றான். நியாயமே. ஆனால் அவன் சன்னலுக்கு வெளியே, சரிவிலே கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியும், வெளிநாட்டிலிருந்து வந்து அவளோடு நிற்கும் ஆடவனும் மனிதரல்லரோ? அவர்கள் வேலையைக் கம்பி வழியாக அனுப்ப முடியாது, அவ்வளவுதான் வேறுபாடு. தனக்கு வேண்டிய மதிப்பை அயலானுக்கும் வேண்டாதவன் கேட்பது உரிமையன்று, சலுகை.

இனி, ஊருக்குச் செலுத்தும் கடனைப் பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை. இதில் இறங்கி ஏறுகிறவன் தன் உடம்பையும் ஆயுளின் ஒரு பகுதியையும் சாலைக்கே கொடுக்கிறான். வீட்டிலிருந்தே வேலை செய்வோன் அதைச் சேமிக்கிறான். சேமித்த நேரத்தை யாருக்குக் கொடுக்கிறான் என்பதே கேள்வி. 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களும் வீடுகளும் போயின. காடழித்த மண் கரைந்து ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் தூர்த்தது எல்லோரும் அறிந்ததே. மலையில் மேலே செய்த குற்றத்துக்குக் கீழே இருப்பவன் தண்டனை பெறுகிறான். இத்தகைய ஊரிலே, "என் வேலை கோலாலம்பூரில், இவ்வூர் விவகாரம் எனக்கெதற்கு?" என்று ஒருவன் சொல்வானாயின், அவன் ஊரான் அல்லன், விருந்தினன். விருந்தினன் வருவதில் பிழையில்லை. ஆனால் நகரத்து ஊதியத்தைக் கொண்டு வீட்டு வாடகையை ஏற்றிவிட்டு, அவ்வூரில் பிறந்தவனை வெளியேற்றும் விருந்தினனை எவ்வூர் வாழ்த்தும்?

ஆதலின், நமது முடிபு இது. தொலைவில் இருப்பதும் பாவமன்று. அருகில் இருப்பதும் புண்ணியமன்று. நாள்தோறும் மலையிறங்கி வருவோனும், சன்னலோரத்தில் அமர்ந்து உழைப்போனும் ஒரே தராசில் நிறுக்கப்படுவர். ஊதியம் தருவோனுக்கு நேர்மையான உழைப்பு. உறைவிடம் தரும் ஊருக்கு உண்மையான பங்கு. இவ்விரண்டையும் செலுத்துவோன் எங்கிருந்தாலும் கடன் தீர்த்தவன். ஊர்க்கூட்டத்தில் அவன் குரல் கேட்க வேண்டும்; ஊர்ப்பள்ளியின் குறை அவன் குறையாக வேண்டும்; கொழுந்தெடுப்போரின் கூலிக்கும் வீட்டுக்கும் அவன் வாதாட வேண்டும்.

படித்த தமிழ் இளைஞர்காள்! உங்கள் வேலை மலையேறி வந்துவிட்டது. அதனுடன் நீங்களும் வந்து சேருங்கள். மண் சரிந்து சாலை அடைபட்ட இரவிலே, உங்கள் கணினியின் கம்பி அறுந்ததா என்று பார்க்குமுன், பக்கத்து லயத்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.