ஓய்வு எங்கே உள்ளது?

ஓய்வு என்பது ஓர் இடத்தின் இயல்பா, அன்றி அங்கே சென்று தங்கும் மனிதனின் நிலையா? ஆண்டு முழுதும் கோப்புகளோடு உழன்று, விடுப்பு விண்ணப்பம் கையொப்பமாகி வரும் நாளை எதிர்நோக்கியிருக்கும் நம்மனோர்க்கு இது வீண் ஆராய்ச்சியாகத் தோன்றலாம். கடலும் காற்றும் அமைதியும் உள்ள இடமே ஓய்வுக்குரிய இடம் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் வென்டோடேனே என்னும் சிறு தீவின் வரலாறு அவ்வளவு எளிதில் நம்மை விட்டுவிடுவதில்லை.

ரோமுக்கும் நேப்பிள்சுக்கும் இடைப்பட்ட கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் உள்ளது அத்தீவு. நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ரோமானியர் பாறையைக் குடைந்து அமைத்த துறைமுகத்தில் இன்றும் படகுகள் ஒதுங்குகின்றன. கோடையில் வருவோர் தெளிந்த நீரில் மூழ்கி மீன்களைக் கண்டு களிப்பர். பயறு விளையும் நிலங்களின் ஓரமாகக் காலாற நடப்பர். இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே செல்லும் பறவைகள் வழியில் இறங்கி இளைப்பாறுவதைப் பார்ப்பர். செப்டம்பரில் புனித காண்டிடா திருவிழாவின்போது காகிதத்தாலான பெரிய வெப்பக்காற்றுப் பலூன்கள் வானில் ஏறும்.

இதே தீவுக்குத்தான் கி.மு. 2-இல் பேரரசர் அகஸ்டஸ் தம் ஒரே மகள் ஜூலியாவை நாடுகடத்தினார். ஒழுக்கக்கேடு என்பது குற்றச்சாட்டு. மது அவளுக்கு மறுக்கப்பட்டது. பேரரசரின் இசைவின்றி எந்த ஆடவரும் அவளைக் காண இயலாது. இசைவு வேண்டுவோரின் வயது, உயரம், நிறம், உடலிலுள்ள அடையாளங்கள் யாவும் பேரரசருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறிக்கிறார். (நம் அலுவலகப் படிவங்களுக்கு எத்துணைப் பழைய முன்னோர்!) அவள் கண்டது இன்றைய பயணி காணும் அதே கடல்தான். அவளுக்கும் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. எனினும் அதனை ஓய்வு என்று எவரும் கூறார்.

அப்படியாயின், விரும்பியபோது புறப்படும் உரிமையே ஓய்வின் உயிர்நாடி என்று முடிவு கட்டலாமா? நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன், ஜூலியாவின் தாய் ஸ்கிரிபோனியா இல்லையெனில். அகஸ்டஸால் மணவிலக்குச் செய்யப்பட்ட அம்மூதாட்டி, எவருடைய ஆணையுமின்றித் தாமாகவே மகளுடன் சென்றார். ஒரே கூரையின்கீழ் இருவர். ஒருத்தி கைதி, மற்றவர் சுதந்தரர். அவர் எந்த நாளிலும் படகேறியிருக்கலாம். அந்த உரிமை கையில் இருந்தும் அவருக்கு அத்தீவு இளைப்பாறும் இடமாகவா இருந்திருக்கும்? மகளின் துயரம் கண்முன் இருக்கையில் எந்தத் தாய்க்குக் கடற்காற்று இனிக்கும்? ஆகவே, புறப்படும் உரிமை மட்டும் போதாது. உடனிருப்போர்க்கும் அவ்வுரிமை இருத்தல் வேண்டும் எனத் தோன்றுகிறது.

முசோலினியின் ஆட்சியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அரசியல் எதிரிகள் நூற்றுக்கணக்கில் இத்தீவில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் அல்தியேரோ ஸ்பினெல்லி, எர்னஸ்தோ ரோசி ஆகியோர் 1941-இல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டாட்சி வேண்டும் என்னும் அறிக்கையை மறைவாக எழுதினர். அதனைப் பெருநிலத்துக்குக் கடத்திச் சென்றவர்களுள் ஒருவர் ஊர்சுலா ஹிர்ஷ்மன். அங்கே கைதியாயிருந்த யூஜேனியோ கொலோர்னியின் மனைவி. அவர் கைதியல்லர், வந்து போகக்கூடியவர். ஸ்கிரிபோனியா தம் சுதந்தரத்தைத் தங்குவதற்குப் பயன்படுத்தினார். ஊர்சுலா சென்று மீள்வதற்குப் பயன்படுத்தினார். இருவருமே அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை.

இன்று அங்கே நீராடச் செல்வோர் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று. உழைத்தவன் இளைப்பாறுவது அவனது உரிமை. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் கரையில் படுத்திருப்பவர் தலையை நிமிர்த்தினால், எதிரே சாந்தோ ஸ்தெஃபனோ என்னும் குட்டித் தீவில் குதிரை லாட வடிவிலான பழைய சிறைச்சாலை தெரியும். 1965 வரை அதில் கைதிகள் இருந்தனர். காவலர் ஒரே இடத்தில் நின்று எல்லா அறைகளையும் நோக்கும்படி, அறைகள் யாவும் உட்புறம் பார்த்தபடியே கட்டப்பட்டன. நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும், அறையிலிருந்தவர்க்குக் கடல் தெரியாது.