உருவத்தை மறைத்தால் போதுமா?

புலால் உண்ணாத வாசகர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கு என் மீதுதான். அவர்கள் நீதிபதிகளாக உட்காரலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாப்பிள்ளை கரி அடுப்பு மூட்டினார். குழம்பும் வறுவலும் அலுத்துவிட்டனவாம். கோழியை முழுசாகச் சுட்டுத் தரப் போகிறாராம். ஒன்றேகால் கிலோக் கோழி. முதுகெலும்பின் இரு புறமும் கத்தரியால் வெட்டி அதை எடுத்துவிட்டார். பிறகு கோழியைத் திருப்பிப் போட்டு, மார்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். 'மடக்' என்று ஒரு சப்தம். திறந்து வைத்த புத்தகம் போல் கோழி தட்டையாயிற்று.

"இது எதற்கு, மாப்பிள்ளை?" என்றேன்.

"உருண்டையாக வைத்தால் மார்பு வறண்டு போன பிறகும் தொடை வேகாது, மாமா. விரித்து வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வெந்துவிடும்."

கரி விஷயத்திலும் அவருக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. இராமநாதபுரம் பக்கத்தில் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக் கருவேலங்கரி அது. தீ நாக்கு நீட்டும்போது இறைச்சியை வைக்கக் கூடாது. கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். கங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மறு பக்கத்தில் எலும்புப் பாகம் கீழே இருக்கும்படி கோழியை வைத்து மூடினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தோல் பக்கத்தைக் கங்கின் மேல் காட்டினார். அப்போது கண்ணை எடுத்தால் கொழுப்புச் சொட்டித் தீப்பற்றி, தோல் கரிந்துவிடுமாம்.

வாசனைக்கு ஓடி வந்தாள் என் ஏழு வயதுப் பேத்தி. எட்டிப் பார்த்தாள். இரண்டு கால்களும் இரண்டு இறக்கைகளும் அப்படியே இருந்தன.

"தாத்தா, இது படுத்துக்கிட்டிருக்கா?"

"நீ குழம்பில் சாப்பிடுகிற கோழிதான், கண்ணு. சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தருகிறேன். அப்புறம் தெரியாது."

"எது தெரியாது?"

எனக்குப் பதில் வரவில்லை.

என் தாயார் கொல்லையில் கோழி வளர்த்தாள். பண்டிகைக்கு அறுக்கிற நாளில் எங்களை வாசலுக்கு விரட்டிவிடுவாள். அது அவளுடைய இரக்கம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். யார் மேல் இரக்கம்? கோழியின் மேல் அல்லவே! இன்று அந்த வேலையைக் கடைக்காரர் செய்கிறார். வாங்குகிறவன் இல்லையென்றால் விற்கிறவனும் இல்லை என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நம்மையும் கூண்டில் ஏற்றுகிறது. நாமோ, துண்டுகளாய் நறுக்கி மசாலாவில் மூழ்கடித்த பிறகு, 'கறி' என்று அதற்கு வேறு பெயரும் வைத்துவிடுகிறோம்.

அப்படியானால் முழு உருவத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன் யோக்கியனா? அன்று அடுப்பின் முன் நின்றபோது அப்படி எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தான் என்பதற்காகக் கொள்ளைக்காரன் தர்மவானாகிவிட மாட்டான். நான் பார்த்ததால் அந்தக் கோழிக்கு ஒரு லாபமும் இல்லை.

லாபம் இருந்தால் பார்க்கிறவனுக்குத்தான். கண்டவனுக்குத்தான் வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்ய இடம் உண்டு; காணாதவனுக்குக் கேள்வியே எழுவதில்லை. குழந்தைக்கு அந்தக் கேள்வி தானாக எழுந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிடப் பார்த்தவன் நான்.

பேத்தி அன்று தயிர்சாதம் சாப்பிட்டாள். நாளைக்கே மறுபடியும் கோழி கேட்பாளோ என்னவோ. அது அவள் பாடு. நான் கோழியைச் சாப்பிட்டேன். மிகவும் ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால், இந்த வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னவனாவேன்.